நாலாம் இடத்துச் சென்னை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். பின்னால் உன் மகள், என் மருமகள், அழுதுகொண்டிருந்தாள், உனக்கும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். வெளியூரிலிருந்து சென்னைக்கு வர யோசிக்கிற நாலு பேருக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டது இதுதான். கம்பெனி உன்னை புனே பக்கத்துச் சாக்கனிலிருந்து சென்னை பக்கத்து ஒரகடத்துக்கு மாற்றுகிறது. வாழ உகந்த நகரங்கள் பட்டியலில் புனே இரண்டாம் இடம், சென்னை நாலாம் இடம். இரண்டாம் இடத்தை விட்டு நாலாம் இடத்துக்கு வருவது சரிதானா? கூடவே, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் கட்டுகிற ஒரு அடுக்குமாடி வீட்டின் விளம்பரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். 'ஏரியைப் பார்த்த பால்கனி' என்று அதில் போட்டிருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பட்டியல். மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட, 2020-ஆம் ஆண்டுக்கான தரவரிசையைத்தான் நீ பார்த்திருக்கிறாய். 111 நகரங்களை எடுத்துக்கொண்டு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிற 49 நகரங்களைத் தனியாக வரிசைப்படுத்தினார்கள். பெங்களூரு, புனே, அகமதாபாத், அப்புறம் சென்னை. நம் கோயம்புத்தூர் ஏழாவது. மொத்தத்தில் நாலாவதாக வந்த சென்னை, வாழ்க்கைத் தரம் என்ற பிரிவில் மட்டும் அந்த 49 நகரங்களில் முதலாவது. பள்ளி, மருத்துவம், குடிநீர், வீடு, போக்குவரத்து எல்லாம் அந்தப் பிரிவில்தான் வருகின்றன. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வேண்டியது அதுதானே.

அந்த மதிப்பெண்ணைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்த இடத்துக்குக் கொடுத்த மதிப்பெண் என்று பார். நகராட்சி, மாநகராட்சி என்று எல்லை பிடித்து அளந்த கணக்கு அது. நீ நாலு வருஷமாகக் குடியிருக்கிற சாக்கன், புனே மாநகராட்சியிலேயே இல்லை. அது தனி நகராட்சி. தளேகாவ் சந்திப்பில் முக்கால் மணி நேரம் நகராமல் நின்றதை நீயே எத்தனை தடவை சொல்லி அலுத்துக்கொண்டிருக்கிறாய்! அந்த முக்கால் மணி நேரம் புனேயின் இரண்டாம் இடத்துக் கணக்கில் சேரவில்லை, தம்பி.

இங்கேயும் அப்படித்தான். பெருநகர சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். அதுவும் 2011-இல் பக்கத்து ஊர்களைச் சேர்த்த பிறகு. அதற்கு முன் 174. ஆனால் சென்னைப் பெருநகரப் பகுதி என்று திட்டம் போடுகிற எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். 2022-இல் அதையும் அரக்கோணம் வரைக்கும் இழுத்து 5,904 என்று ஆக்கிவிட்டார்கள். ஊர் வளர்வதெல்லாம் இந்த விளிம்பில்தான். நம் சம்பளத்துக்கு வீடு கிடைப்பதும் இந்த விளிம்பில்தான். அந்தப் பட்டியல் வந்தபோது தாம்பரம் மாநகராட்சி பிறக்கவே இல்லை, 2021 நவம்பரில்தான் வந்தது. ஆக, நாலாம் இடம் என்பது நீ குடிவர முடியாத சென்னைக்குக் கொடுத்தது. நீ குடிவரப்போகிற சென்னைக்கு நான்தான் மதிப்பெண் போட்டுச் சொல்லவேண்டும். 22 வருஷமாக இங்கே இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது.

எழும்பூர் ஆபீசுக்கு நான் தினமும் மின்சார ரயிலில்தான் போகிறேன். குரோம்பேட்டையில் ஏறினால் மகளிர் பெட்டியில் எட்டு மணி வண்டிக்கென்று ஒரு கூட்டம் உண்டு. கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிற அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வருவார். ஊரப்பாக்கத்துப் பெண் தொடுத்த பூவை அளந்து கொடுப்பாள். அந்தப் பெட்டியில் யாருக்காவது மயக்கம் வந்தால் நாலு பாட்டில் தண்ணீர் நீளும், உட்கார இடம் தானாகக் கிடைக்கும். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இலேயே மின்சார ரயில் ஓடியது. இன்றைக்கும் பத்து ரூபாய் டிக்கெட்டில் ஊரைக் குறுக்கே கடந்துவிடலாம். பஸ்ஸில் நமக்கு டிக்கெட்டே கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை. உன் மனைவி வேலைக்குப் போக வேண்டும் என்கிறாளே, அவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வந்தபிறகு தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி நடந்து வீட்டுக்கு வருகிறேன். ஒருநாளும் பயந்ததில்லை.

வைத்தியத்துக்கும் முழு மதிப்பெண். அத்தானுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி உனக்கு நினைவிருக்கும். 108 வந்தது, அரசு மருத்துவமனையில் சேர்த்தோம், ஐந்தாம் நாள் நடந்து வெளியே வந்தார். காப்பீட்டு அட்டையைக் காட்டியதோடு சரி. கிண்டியில் 2023-இல் ஆயிரம் படுக்கையோடு இன்னொரு அரசு மருத்துவமனை வந்திருக்கிறது. நாளைக்கு அம்மாவை ஊரிலிருந்து இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள நாம் இரண்டு பேரும் நினைக்கிறோம் இல்லையா, அதற்கு இதைவிடத் தைரியம் தருகிற ஊர் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீ எதைத் தேடினாலும் கிடைக்கும். கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்துக்கு மருமகளை நானே கூட்டிப்போகிறேன், குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

சரி, இப்போது தண்ணீர்.

சென்னையில் தண்ணீர் ஒரு வருஷம் இல்லாமல் கொல்லும், ஒரு வருஷம் வந்து கொல்லும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று குடிநீர் ஏரிகள் நாலும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டு போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. லாரிக்குச் சொல்லிவிட்டு 18 நாள் காத்திருந்தோம். நடுராத்திரி இரண்டு மணிக்கு லாரி வந்தது. அத்தான் டார்ச் பிடிக்க, நான் சம்ப் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். குழாய் விழுந்த சத்தம் கேட்டதும் அடுக்குமாடியில் எல்லார் வீட்டு விளக்கும் எரிந்தது. யாரும் பேசவில்லை. சம்ப் நிரம்புகிற சத்தத்தை எல்லாரும் நின்று கேட்டோம். அதற்கப்புறம் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க இரண்டாவது ஆலை கட்டினார்கள். 2024-இலிருந்து நாளைக்குப் பதினைந்து கோடி லிட்டர் அதிகமாக வருகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் உன் தெருவுக்குக் குழாயில் வருகிறதா என்பதுதான் கேள்வி. மாநகராட்சிக் கோட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் வரும். கோட்டுக்கு வெளியே இன்னும் எத்தனையோ தெருக்களில் குளிக்க போர் தண்ணீர், குடிக்க கேன், கழிவுக்கு செப்டிக் டேங்க் லாரி. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் ஐந்து மாடி கட்டி விற்கிறார்கள். மாசா மாசம் அந்த லாரிக்குக் கொடுக்கிற காசை எந்த விளம்பரமும் சொல்லாது.

இனி அந்த 'ஏரியைப் பார்த்த பால்கனி'.

நாங்கள் சிட்லபாக்கத்துக்கு வருமுன் முடிச்சூரில்தான் வாடகைக்கு இருந்தோம், தரைத்தளம். அப்போது அது ஊராட்சி. 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து விடாத மழை. மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதைத்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் முடிச்சூர் அதற்குத் தெற்கே, அடையாறு பிறக்கிற பக்கம் இருக்கிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீர்தான் எங்கள் மேல் வந்தது. நம் ஊரில் மறுகால் பாய்கிறது என்போமே, இங்கே அதைக் கலங்கல் என்கிறார்கள். ஊரில் மறுகால் பாய்ந்தால் நாம் போய் வேடிக்கை பார்ப்போம், குளித்துவிட்டு வருவோம். ஏனென்றால் தண்ணீர் போகிற வழி நமக்குத் தெரியும், அந்த வழியில் யாரும் வீடு கட்டமாட்டார்கள். இங்கே அந்த வழியில் வீட்டைக் கட்டி, அதில் என்னைக் குடிவைத்திருந்தார்கள். அது வாய்க்கால் என்று வீட்டுக்காரரும் சொல்லவில்லை, தரகரும் சொல்லவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்குக் கழிவறை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. ஒரு மணிக்குக் கட்டில் மிதந்தது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டதால் பிழைத்தோம். மூன்றாம் நாள் படகில் வந்து கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து பார்த்தபோது சுவரில் என் தோள் உயரத்துக்கு ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. காலண்டரில் அந்தக் கோட்டுக்குக் கீழே சேறு, மேலே முருகன் முகம். நம் அப்பா எழுதிய கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாசம் அந்தத் தெருவழியாகப் போனேன். சுவருக்கு வெள்ளை அடித்து, டைல்ஸ் ஒட்டி, 'வாடகைக்கு விடப்படும்' என்று பலகை போட்டிருந்தார்கள். ஆனால் மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தார்கள். தம்பி, வீடு பார்க்கப் போனால் முதலில் மீட்டர் பெட்டியைப் பார். தரகர் மறைத்ததை அது சொல்லிவிடும். தெருப் பெயரைப் பார்: ஏரிக்கரைத் தெரு, மதகடித் தெரு என்றால் பெயர் சும்மா வரவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் நின்று பேசு. கேன் போடுகிற பையனிடம் கேள், 2023 மிக்ஜாம் புயலில் இந்தத் தெருவில் எத்தனை நாள் வண்டி வரவில்லை என்று. அப்புறம் பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் பார்த்தால் போதாது. பழைய கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஓடையோ வாய்க்காலோ போகிறதா என்று பார்க்கவேண்டும். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அப்ரூவல் இருக்கிறது என்றால் தண்ணீர் வராது என்று அர்த்தம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எங்கள் ஆபீசில் துப்புரவு வேலை செய்கிற அம்மா கூவம் கரையில் இருந்தவர். வீட்டிலிருந்து எழும்பூருக்கு நடந்தே வந்தவர். அவர்களைக் காலி செய்து பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். இப்போது காலை நாலரைக்கு எழுந்தால்தான் ஏழு மணிக்கு வர முடிகிறது. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்று எடுத்தார்கள். கொண்டுபோய் விட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. மிக்ஜாமில் அங்கேயும் தண்ணீர் நின்றது. நகரத்துக்கு மதிப்பெண் போடும்போது இந்த அம்மாவின் நாலரை மணியை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம்.

மற்றபடி, ஊர் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தால் நமக்கு ரொம்பப் பக்கம், வடசென்னைக்காரர்களுக்குத்தான் அலைச்சல். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரும் என்பதை நம்பி வீடு வாங்காதே. வந்தபிறகு சந்தோஷப்படலாம். சிட்லபாக்கம் ஏரி நன்றாக ஆகியிருக்கிறது. முன்பு குப்பை மேடாகக் கிடந்த கரையில் இப்போது சாயங்காலம் நடக்கிறோம். தெருக்காரர்கள் வருஷக்கணக்கில் மனு கொடுத்து, கூட்டம் போட்டு, நின்று வாங்கியது அது.

அதனால் என் பதில்: வா. ஆனால் வீடு வாங்காதே, வாடகைக்கு வா. முதல் வருஷம் தாம்பரத்துக்குக் கிழக்கே, ரயிலுக்கு நடக்கிற தூரத்தில், முதல் மாடியில் பார்த்து வைக்கிறேன். அங்கிருந்து ஒரகடம் உனக்கு ஒரு மணி நேரம்தான் ஆகும், கம்பெனி பஸ்ஸும் வரும். ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை, அதற்கடுத்த ஒரு சித்திரை. மூன்றையும் இங்கே இருந்து பார்த்துவிட்டு எந்தத் தெருவில் வாங்கலாம் என்று நீயே எனக்குச் சொல்வாய்.

அந்த முடிச்சூர் வீட்டை நேரில் பார்க்காமல் உனக்கு மனசு கேட்காது என்று தெரியும். ஐப்பசி கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டு வா. மழை பெய்கிற நாளாகப் பார்த்து அத்தான் பைக்கில் கூட்டிப்போவார், அந்த ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுவார். மழைக்கோட்டு இங்கே இருக்கிறது. சர்வே எண் போட்ட தாளை மட்டும் மறக்காமல் வாங்கி வா. அதுவரைக்கும் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே.

மருமகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா