மான் ஹொய்ஸ்ட் (வேட்டையாடின மானைக் கேபிளில கட்டித் தூக்கிற மோட்டர்) வாங்கின, வாங்கப்போற எல்லாருக்கும் கடையில இருந்து ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் துவக்கால மான் வேட்டையாடுற சீசன் கிட்ட வந்திட்டுது, இந்த நேரத்தில நீட்டுக் கடிதம் வாசிக்க ஆருக்கும் நேரம் இராது எண்டு தெரியும். ஆனா போன கிழமை தொடக்கம் வாட்ஸ்அப்பில சுத்துற அந்த ஓடியோவைக் கேட்டிட்டுக் கனபேர் கடைக்குப் போன் அடிச்சுக் கேக்கினம், சிலபேர் ஒண்டும் கேக்காமலே ஓடரைக் கான்சல் பண்ணிட்டினம், அதால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாமல் இதை எழுதுறன்.

ஓடியோவில சொல்லுறது என்னெண்டால், 880 இறாத்தல் தூக்கும் எண்டு நாங்கள் வித்த ஹொய்ஸ்ட் 200 இறாத்தல் மானையே தாங்கேல்ல, ஷெட்டின்ர கூரையோட சேந்து கீழ வந்திட்டுது எண்டு. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டு போயிருப்பன். கடைசியில "எங்கட ஆக்கள் எண்டு நம்பி வாங்கினம், ஏமாத்திப்போட்டாங்கள்" எண்டு ஒரு சொல்லு வருது பாருங்கோ, அதைக் கேட்ட நாளில இருந்து எனக்கும் வீட்டில அவவுக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. ரொறன்ரோ ஸ்காபரோவில ஒம்பது வருசமாக் கடை வைச்சிருக்கிறன், சாமான் பிழைச்சால் பில் கூடக் கேக்காமல் மாத்திக் குடுத்திருக்கிறன், அது உங்கள்ள கனபேருக்குத் தெரியும்.

ஹொய்ஸ்ட் வாங்கினவர் எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள், அவற்ற பேரை நான் இதில எழுதமாட்டன். நாங்கள் வந்து பூட்டித் தாறம் எண்டு வாங்கேக்கையே சொன்னனாங்கள், மருமோன் நிக்கிறார், அவர் பூட்டுவார் எண்டு சொல்லிக் கொண்டுபோனவர். அதில பிழையில்லை, கனபேர் அப்பிடித்தான் செய்யிறவை. விழுந்திட்டுது எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கு இரவே நான் வான் எடுத்துக்கொண்டு போனன், ஒன்றரை மணித்தியால ஓட்டம். மான் தறப்பாளுக்கு மேல கிடந்தது. பக்கத்தில ஹொய்ஸ்ட், ரெண்டு கிளாம்பும் இரும்புக் குழாயை விடாமப் பிடிச்சபடி குழாயோட சேந்து கிடந்தது. டோர்ச் அடிச்சு முதல் கேபிளைத்தான் பாத்தன், ஒரு இழை கூடப் பிரியேல்ல. பேந்து மேல அடிச்சுப் பாத்தால் விசயம் அங்கதான் இருந்தது. அது பெட்டியில வாற 8க்கு 10 அடி ஷெட், எல்லாம் ரெண்டுக்கு நாலு அங்குலக் கட்டை, கூரை விரியாமல் இருக்கிறதுக்கு மட்டும் அடிக்கிற குறுக்குக் கட்டையள் ரெண்டில குழாயைத் தூக்கிப் போட்டிருந்தினம். அந்தக் கட்டையள் ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு ஆணியில நிண்டது. ஆணி நீட்டுக்கு இழுபட்டு வந்து வளைஞ்சு, ஓட்டையைச் சுத்தி மரம் வெள்ளையாக் கிழிஞ்சு கிடந்தது. அவற்ற அம்மா அந்தக் குளிருக்க பிளேன்ரீ கொண்டுவந்து தந்தவ, கோப்பை பிடிச்ச கை நடுங்கினபடி. அந்த மருமோன் பொடியன் ஒரு அடி தள்ளி நிண்டதால தப்பினான், அதை நினைக்க எனக்கும்தான் நடுங்குது.

கூரை எண்டது பனியையும் காத்தையும் பரவலாத் தாங்கிறதுக்குச் செய்தது, ஒரே இடத்தில 200 இறாத்தல் தொங்கிறதுக்குச் செய்ததில்லை. இதை நான் விக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லுறனான், கவுண்டரில வைச்சுக் கீறியும் காட்டுறனான், அவருக்கும் பில்லுக்குப் பின்பக்கத்தில கீறிக் குடுத்தனான், அந்தப் பில்லை அவரே எடுத்துப் பாக்கலாம். தூணில இருந்து தொடங்க வேணும். ஆறுக்கு ஆறு தூண், குறைஞ்சது நாலுக்கு நாலு, அது நேரா நிலத்தில, ஏலுமெண்டால் கொங்கிறீற்றில நிக்க வேணும். அதுக்கு மேல ரெண்டுக்குப் பத்துப் பலகை ரெண்டைச் சேத்துப் போட்டால் அதுதான் தீராந்தி, எட்டடி இடைவெளிக்கு மானுக்குத் தாராளமாக் காணும். அப்பிடி ரெண்டு தீராந்தியை நாலடி தள்ளிப் போட்டு, அதுக்குக் குறுக்கால ரெண்டங்குலச் சதுர இரும்புக் குழாய் வைச்சு, ஊடால துளை போட்டு வோஷரும் நட்டும் வைச்சு இறுக்கின போல்ட்டில கட்டிப்போட்டு, அந்தக் குழாயில ஹொய்ஸ்டைப் பூட்டுங்கோ. ஆணியை நம்பித் தூக்கவே கூடாது.

அடுத்தது 880 கதை. இந்த ஹொய்ஸ்ட் ஒத்தைக் கேபிளில 440 இறாத்தல் தூக்கும், பெட்டிக்குள்ள வாற கப்பியைக் கொளுவிக் கேபிளின்ர நுனியைத் திருப்பி ஹொய்ஸ்டின்ர உடம்பில மாட்டினால் 880, ஆனா வேகம் பாதியாப் போகும், தூக்கிற உயரமும் 40 அடியில இருந்து 20 அடியாப் போகும். முன்பக்கத்தில 880 மட்டும் போட்டு நாங்கள் ஒட்டின ஸ்டிக்கரை இப்ப மாத்தியிட்டம். உண்மையைச் சொன்னால் மானுக்கு 880 தேவையே இல்லை, இங்கத்த நல்ல பெரிய ஆண் மான் 200 இறாத்தல், அதுக்குக் கொஞ்சம் மேல, பெண் மான் அதிலும் குறைவு, ஒத்தைக் கேபிளே காணும். மூஸ் அடிக்கிற ஆக்கள் முழுசாத் தூக்க நினைக்காதேங்கோ, ஆயிரம் இறாத்தலுக்கு மேல போற விலங்கு அது, நாலாப் பிரிச்சுத் தூக்குங்கோ.

பாரத்தை எல்லாரும் கேக்கினம், உயரத்தை ஒருத்தரும் கேக்கிறதில்லை. பின்னங்காலில தூக்கினால் பெரிய மான் மூக்கு வரைக்கும் ஏழடிக்குக் கிட்ட வரும், ஹொய்ஸ்ட் உடம்பும் கேபிளை நிப்பாட்டிற சுவிட்சும் கொளுக்கியும் மான்ர காலைக் கொளுவிற கம்பும் சேந்து இன்னும் ரெண்டடியைத் தின்னும், கப்பி போட்டால் அதுக்கு மேலயும் போகும். எட்டடி உயர ஷெட்டில தலை நிலத்தில இழுபடும், இறைச்சியில ஊத்தை பிடிக்கும். பத்தடிக்குக் குறைஞ்சால் ஷெட்டுக்கு வெளியில தூணை உயர்த்திப் போடுங்கோ. சிலபேர் ஹொய்ஸ்டைச் சுவரில கீழ பூட்டிக் கேபிளை முகட்டில ஒரு கப்பிக்குள்ளால விட்டு எடுக்கலாமோ எண்டு கேக்கினம், இந்த ஹொய்ஸ்டில அப்பிடிச் செய்யாதேங்கோ, அது நேர் கீழ தொங்கிற பாரத்துக்குச் செய்தது. அதோட ஒரு பக்கம் 200 இறாத்தல் மான் இழுக்க மற்றப் பக்கம் மோட்டரும் அவ்வளவு இழுக்கும், மேல இருக்கிற கட்டையில விழுறது 400.

கரண்டைப் பற்றியும் ஒரு சொல்லு. வீட்டில இருந்து ஷெட்டுக்கு மெல்லிய 100 அடி எக்ஸ்ரென்ஷன் கோட் இழுத்தால் மோட்டர் உறுமும், தூக்காது, சூடாகும், அதுவும் சாமான் பிழை எண்டு கடைக்குத் திரும்பி வரும். 12 கேஜ் வயர், 50 அடிக்குள்ள வைச்சுக்கொள்ளுங்கோ. ஷெட்டைத் தண்ணி ஊத்திக் கழுவுற நீங்கள், கரண்ட் கசிஞ்சால் தானா நிப்பாட்டிற ஜிஎஃப்சிஐ பிளக் இல்லாமல் பாவிக்கவே வேண்டாம். இந்த வகை ஹொய்ஸ்ட் பத்து நிமிசத்தில ரெண்டு நிமிசம்தான் வேலை செய்யிறதுக்கு, ஒரு மானுக்கு அது தாராளம், நாலு பேர் வரிசையில நிண்டால் மோட்டரை ஆற விடுங்கோ. எவ்வளவு இறக்கினாலும் உருளையில மூண்டு சுத்துக் கேபிள் மிச்சமிருக்க வேணும். இணையத்தில மலிவா வாறதுகள்ள சிஎஸ்ஏ, சியுஎல் மாதிரிக் கனடாப் பாதுகாப்பு முத்திரை இருக்கோ எண்டு பாருங்கோ, முத்திரை இல்லாத மின்சாரச் சாமானை ஒன்ராறியோவில விக்கவும் கூடாது பாவிக்கவும் கூடாது. ஏடிவி எண்ட காட்டு வண்டியில பூட்டுற இழுவை மோட்டரை, அதுதான் வின்ச்சை, ஏன் வைக்கேல்ல எண்டு கேட்ட தம்பிமாருக்கு, வின்ச் நிலத்தில இழுக்கிறதுக்கு, தூக்கிப்போட்டு அதுக்குக் கீழ ஆள் நிண்டு வேலை செய்யிறதுக்கு அதின்ர பிரேக் செய்யப்படேல்ல.

பூட்டி முடிஞ்ச உடன மானைத் தூக்காதேங்கோ. 20 லீற்றர் தண்ணிக் கான் அஞ்சை ஒண்டாக் கட்டித் தூக்குங்கோ, அது 100 கிலோ, 220 இறாத்தல். ஒரு அடி மேல எடுத்துப் பத்து நிமிசம் விட்டிட்டுத் தள்ளி நிண்டு பாருங்கோ, மரம் சத்தம் போடுதோ, தீராந்தி வளையுதோ, கான் மெல்ல இறங்குதோ எண்டு. அந்த வீட்டில இதைச் செய்திருந்தால் தண்ணிதான் கொட்டியிருக்கும்.

அவசரம் ஏன் எண்டும் எனக்கு விளங்குது. இருட்டின பிறகு மானைக் கொண்டுவந்து இறக்கி, இறைச்சி பழுதாக முதல் தூக்கி உரிச்சுக் குளிரப்பண்ண வேணும், வேட்டையாடின இறைச்சியைப் பழுதாக விடுறது இஞ்ச சட்டப்படி குற்றமும்தான். விக்கவும் ஏலாது, ஊரில பங்கு இறைச்சி போட்ட மாதிரி சினேகிதங்களுக்குப் பங்கு போட்டுக் குடுக்கிறனீங்கள், போன வருசம் எங்கட வீட்டுக்கே ஏழு வீட்டில இருந்து பங்கு வந்தது. அதை மறக்கமாட்டன். ஓடியோவைக் கேட்ட பிறகும் நேர கடைக்கு வந்து, அண்ணை என்ன நடந்தது எண்டு முகத்தைப் பாத்துக் கேட்ட ஆக்கள், பழைய ஹொய்ஸ்ட் ஆறு சீசனா ஓடுது எண்டு அதே குறூப்பில திருப்பி எழுதின மார்க்கம் நகரத்து அக்கா, உங்களுக்கெல்லாம் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல.

இனிச் சில மாற்றங்கள். எங்களோட வந்து வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் தம்பி குடும்பத்தோட எட்மன்ரனுக்குப் போட்டார். லைசன்ஸ் இருக்கிற ஆள் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு கரண்ட் வேலை செய்யிறது சட்டப்படி பிழை, அதால பிளக் பொயின்ற் இல்லாத ஷெட்டுக்கு நீங்கள்தான் லைசன்ஸ் உள்ள ஆளைப் பிடிக்க வேணும், அவர் ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு அமைப்பான இஎஸ்ஏக்கு அறிவிச்சுத்தான் செய்ய வேணும். 2025 மார்ச்சில அமெரிக்காவும் கனடாவும் இரும்புக்கு மாறி மாறி வரி போட்ட பிறகு எனக்கு வாற குழாயும் கிளாம்பும் விலை கூடிட்டுது, பூட்டுக்கூலியை 120 டொலரில இருந்து 180 ஆக்க வேண்டி வந்திட்டுது. வாற கஷ்டம் தெரிஞ்சுதான் சொல்லுறன், ஒம்பது வருசத்தில ரெண்டாந்தரம்தான் கூட்டுறன். கூரைக் கட்டையில பூட்டச் சொன்னால் இனி எவ்வளவு பழகின ஆளெண்டாலும் நான் பூட்டமாட்டன், கோவிக்காதேங்கோ.

ஏற்கெனவே வாங்கி நீங்களே பூட்டின எல்லாருக்கும், இந்தச் சீசனுக்கு முதல் நான் வந்து காசில்லாமல் பாத்துத் தாறன். பழைய ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி வைச்சிருக்கிற ஆக்கள் முதல் போன் அடியுங்கோ. ஓடியோ போட்ட வீட்டுக்காரருக்கும் இதுதான், தூணும் தீராந்தியும் போட்டுத் தர நான் வாறன் எண்டு சொல்லி விட்டிருக்கிறன், மறுமொழி இன்னும் வரேல்ல, வந்தால் அடுத்த நாளே போவன். புதுசா வாங்க வாற ஆக்கள் ஷெட்டின்ர உள்பக்கத்தை நாலு மூலையில இருந்தும் படம் எடுத்துக்கொண்டு, நிலத்தில இருந்து கூரை வரைக்கும் எத்தினை அடி எண்டு அளந்து எழுதிக்கொண்டு வாங்கோ. கடை ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்.