அமுராபி மாஸ்ரர் எழுதிக்கொள்வது

மல்லாவி,
மாசி 14.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய அவா. அம்மாவின் ஆட்டத்திவசத்துக்கு நீ அனுப்பிய காசு கிடைத்தது. கிடைத்தது என்று ஒரு வரி எழுத எனக்கு எட்டு மாதம் போயிருக்கிறது. திட்டுவாய், திட்டு. வாட்ஸப்பில் குரலைப் போடு என்கிறாய். அந்தச் சாமானில் தனியே நின்று கதைத்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கத்துவதுபோல் இருக்கிறது எனக்கு. அதோடு இது குரலில் சொல்லக்கூடிய விசயமுமில்லை. எழுதித்தான் இறக்க வேண்டும்.

ஊர்ப் புதினம் சுருக்கமாக: கொக்கர் பேத்தி கண்டுவிட்டார். பரியாரியார் வளவுக் கிணறு மாரியில் இடிந்துபோனது. நெட்டையனுக்குக் கண் வெட்டி நல்ல பார்வை வந்திருக்கிறது, இப்போது கால் கட்டை தூரத்திலேயே ஆளை மட்டுக்கட்டிக் கடன் கேட்க ஆயத்தமாகிறான். உன் காணியில் நிற்கிற பாலை சுகமாக இருக்கிறது. பழத்துக்குக் கணக்குக் கேட்காதே, குரங்கிடம் கேள்.

எனக்குத்தான் ஊரில் புதுப்பெயர். அமுராபி மாஸ்ரர். சின்னப் பெடியள் வேலிக்குள்ளால் கூப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள். நைல் நதியைக் கொண்டுவந்து பாலியாற்றில் விழுத்திப் படம் கீறிய நீ இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது.

புரட்டாதியில் காலபோகக் கூட்டம், மாரி விதைப்புக்கு முன்னம் கமக்காரர் கூடுகிறது. வழக்கம்போல முழுச் சண்டையும் வாய்க்கால் துப்புரவில்தான். ஆளுக்கு இருபது யார் என்று பங்கு பிரித்தால், பாதிப்பேர் வருவதில்லை. வந்தவன் புல்லைச் செருக்கிவிட்டுப் போட்டோ எடுக்கிறான். அணையை ஒருவரும் பார்ப்பதில்லை. கமக்காரர் அமைப்பின் செயலாளர் தம்பி தண்டம் அறவிட வேண்டும் என்றான், மற்றவர்கள் 'பாவமெல்லே' என்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமோ? எழும்பினேன். "பபிலோனில் ஹமுராபி எண்டொரு அரசன் கி.மு. 1792 தொடக்கம் 1750 வரை ஆண்டவன்" என்று தொடங்க, பின்வாங்கில் ஒருவன் "சேர், ரெஜிஸ்ரர் மாக் பண்ணியாச்சோ?" என்றான். நான் விடவில்லை. அவனுடைய 282 சட்டங்களில் 53 ஆம் சட்டம் இதுதான் என்றேன்: ஒருவன் தன் அணையைப் பலப்படுத்தப் பஞ்சிப்பட்டு, அந்த அணை உடைந்து வெள்ளம் வயல்களை அள்ளிக்கொண்டு போனால், அழிந்த தானியம் முழுவதையும் அவனே ஈடு கட்ட வேண்டும். 54 ஆம் சட்டம்: ஈடு கட்ட வழியில்லை என்றால், அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, அந்தக் காசைப் பயிர் இழந்தவர்கள் பங்கிட வேண்டும். "இப்பிடி ஒரு சட்டம் எங்களிட்டை இருந்தால் ஒருத்தனும் வீட்டிலை படுக்கமாட்டான்" என்று முடித்தேன். கைதட்டு வேறு.

பெயர் அன்றே விழுந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துமிருந்தது. இளைப்பாறிய பிறகு யாராவது என்னை ஏதாவது பெயரில் கூப்பிட்டால் போதும் என்று இருந்தவன் நான். பழைய புத்தகங்களைக் கிளறத் தொடங்கினேன். நீ நம்பமாட்டாய், அவனுக்கும் எங்கள் கரைச்சல்தான். லார்சா என்கிற ஊரில் இருந்த தன் அதிகாரி சின்-இத்தின்னத்துக்கு ஹமுராபி எழுதிய களிமண் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று: தமானு வாய்க்கால் கரையில் காணி வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு வாய்க்காலைத் துப்புரவாக்கு, இந்த மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும். அவ்வளவுதான். எங்கள் செயலாளர் தம்பி அடிக்கிற நோட்டீஸைப் பெயர் மாற்றி ஒட்டினதுபோல. நாலாயிரம் வருசத்துக்குக் கிட்ட ஆகிறது மச்சான், சிரமதானத்துக்கு ஆள் சேர்க்கிற வேலை இன்னும் முடியவில்லை.

அவர்களுக்கு ஆறுகளும் சரியில்லை. நைல் நல்ல பிள்ளை. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கிற நேரம் பார்த்துப் பெருகி, விதைப்புக்கு முன்னர் வடிந்துவிடும். தைகிரிசும் யூப்பிரட்டீசும் சித்திரை, வைகாசியில், கதிர் முற்றி நிற்கிற நேரம் பெருகும். அணை போட்டுத் தடுக்காவிட்டால் எல்லாம் போச்சு. வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினாலோ, வெய்யிலில் தண்ணீர் ஆவியாக, உப்பு மேலே வரும். சுமேரியாவில் ஒரு காலத்தில் கோதுமையும் பார்லியும் சரிக்குச் சரி விளைந்தது. உப்பு ஏற ஏறக் கோதுமை பின்வாங்கி, அதைத் தாங்கக்கூடிய பார்லி மட்டும் மிஞ்சியது என்று யாக்கோப்சன், அடம்ஸ் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1958 இல் எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் அதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது அவர்கள் வருசங்களுக்குப் பெயர் வைத்த முறை. இலக்கம் இல்லை, அந்த வருசம் நடந்ததுதான் பெயர். ஹமுராபியின் 33 ஆம் வருசத்துக்கு அவன் வெட்டின வாய்க்காலின் பெயர். அந்த வாய்க்காலுக்கோ 'ஹமுராபி மக்களின் நிறைவு' என்று பெயர். தம்பட்டத்தைப் பார். எங்கள் அம்மாவும் அப்படித்தானே. நான் பிறந்த திகதி அவவுக்குச் சரியாகத் தெரியாது. 57 ஆம் ஆண்டு வெள்ளம் வடிஞ்சு அடுத்த மாசம் என்பா. தங்கச்சி புயலடிச்ச வருசம். பேரப்பிள்ளைகளுக்கு வரும்போது எல்லாம் இடம்பெயர்ந்த வருசங்கள், எந்த இடப்பெயர்வு என்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

சரி. சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு விளங்கியிருக்கும்.

என் பங்கு இருபது யாரில், பூவரச மரத்துக்குக் கீழே, அணையில் ஒரு நண்டுப் பொந்து. ஐப்பசியில் கண்டனான். பெருவிரல் போகிற அளவு. வாயைச் சுற்றி ஈரமண் உருண்டை உருண்டையாகக் குவிந்திருந்தது. மற்றப் பக்கம் குனிந்து பார்த்தேன், புல்லின் அடியில் மெல்லிய கசிவு. என்ன செய்ய வேண்டும் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அந்த இடத்தை வெட்டித் திறந்து, களிமண் போட்டு, மிதித்து இறுக்க வேண்டும். அரை நாள் வேலை. எனக்கு முழங்கால் நோ. ஒரு பிடி வைக்கோலை முறுக்கித் திணித்து, காலால் இரண்டு மிதி மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் ஹமுராபியை வாசித்தேன்.

கார்த்திகைக் கடைசியில் மழை. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடிய நான் போனபோது பூவரசு சரிந்து கிடந்தது, அணையில் இரண்டு பாகம் அகலத்துக்கு வாய். என் வயலுக்கு ஒன்றும் இல்லை மச்சான், அது மேடு. வெள்ளம் முழுக்கப் பக்கத்து வயலுக்குள். ஆறு கிழமைப் பயிர். அரை ஏக்கர் மணலுக்குக் கீழே. இன்னும் அரை ஏக்கர் வேர் கழன்று, சீவாத தலைமயிர் மாதிரி ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

வயல் யாருடையது என்று நினைக்கிறாய்? எங்கள் பழைய தபால்காரரின் கடைசி மகள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் சரித்திரம் படித்தவள். மனுசன் 2009 இல் இல்லாமல் போன கதை உனக்குத் தெரியும். இரண்டு பெடியளையும் அந்த இரண்டு ஏக்கரில்தான் வளர்க்கிறாள். வரம்பில் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்து, "சேர், தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

உடைப்பு மழையால் வந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எவருக்கும் பொந்தைத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த நண்டுக்கும். நாலு இரவு நித்திரை இல்லை. சட்டத்தின் முடிவுரையில் ஹமுராபி சொல்கிறான்: வலியவன் மெலியவனை நசுக்காமல் இருக்க, தகப்பனில்லாப் பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் நீதி கிடைக்க, இந்தக் கல்லை நாட்டினேன் என்று. முப்பது வருசம் இதைக் கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போட்டுக் கொடுத்தவன் நான். அவள் கொப்பியிலும் இருந்திருக்கும்.

அப்போது அனுராதபுரத்தை ஆண்ட எங்கள் எல்லாளனும் வந்து மனதில் குந்திக்கொண்டான். வவுனிக்குளம் எல்லாளன் கட்டினது என்று எங்கள் ஆட்கள் சொல்வதும், நீர்ப்பாசன எஞ்சினியர் ஹென்றி பார்க்கர் இதைப் பெலிவாபி என்கிற பழைய குளத்தோடு பொருத்திப் பார்த்ததும் உனக்குப் புதிதல்ல. ஆராய்ச்சிமணி என்றால் எல்லாரும் கன்றுக்குட்டிக் கதையைத்தான் சொல்வார்கள். மகாவம்சத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கிழவி அரிசியை வெய்யிலில் காயப் போட்டிருந்தாள். காலம் தவறிய மழை வந்து நனைத்துவிட்டது. கிழவி போய் மணியை அடித்தாள். எல்லாளன் மழைக்கு நான் என்ன செய்ய என்று கேட்கவில்லை. காலத்துக்குக் காலம் பெய்ய வைக்கிறேன் என்று பட்டினி கிடந்தான். தான் பெய்விக்காத மழைக்கு. நானோ என் காலால் மிதித்த பொந்துக்கு வாய் திறக்காமல் கிடக்கிறேன்.

ஐந்தாம் நாள் அவளிடம் போனேன். போகிற வழியிலும் மனம் என்ன செய்தது தெரியுமோ? 56 ஆம் சட்டத்துக்கு ஓடியது! தண்ணீரைத் திறந்து அயலவன் வயலில் செய்த வேலையை அழித்தவன் ஒரு பூர் நிலத்துக்குப் பத்து குர் தானியம் அளக்க வேண்டும், இரண்டும் அவர்களுடைய அளவுகள். கணக்குப் பார்த்தேன், ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ஐந்து புசல். மலிவு! ஆனால் என்னுடையது திறந்த தண்ணீர் இல்லை, பஞ்சியில் உடைந்த அணை. 53 தான். நழுவ இடமில்லை.

பொந்தைச் சொன்னேன். வைக்கோலைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது புசல் தாறன் என்றேன், பெரிய தருமவான்போல. அவள் உள்ளே போய் மகனுடைய அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்தாள். விதைநெல், உழவு, பசளை, மருந்து, மணல் அள்ளக் கூலி, எல்லாம் திகதி வாரியாக. "மண்ணுக்குக் கீழை போன அரை ஏக்கர் முழுக்க நாற்பது, மற்ற அரை ஏக்கரிலை பாதி இருபது, அறுபது புசல் சேர். மணல் அள்ளின கூலி வேறை." நான் ஹமுராபி தானியம் மட்டும்தான் சொன்னவன் என்று இழுத்தேன். அவள் சிரிக்காமல் கேட்டாள்: "உங்கடை ராசா பசளை விலை அறிஞ்சவரோ?"

அதோடு நிற்கவில்லை. கூலிக்குப் பதிலாக, வருகிற சிறுபோகத்தில், அதுதான் கோடை விதைப்பில், என் விதைப்புப் பங்கை ஒரு போகம் தனக்கு விட வேண்டுமாம். குளத்தில் இந்தமுறை நல்ல தண்ணீர், பங்கு கூட வரும் என்று முதலே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். சரித்திரத்தில் 40 புள்ளிக்கு மேல் எடுக்காதவள் மச்சான்! ஓம் என்றேன். போன கிழமை அறுவடை முடிந்தது. அறுபதையும் அவள் முற்றத்தில் இறக்கிவிட்டு வந்தேன். கூட்டத்திலும் எழும்பிச் சொன்னேன். இந்தமுறை கைதட்டு இல்லை, பின்வாங்குப் பெடியனும் பேசவில்லை. வீட்டில் மனுசி மட்டும் இரண்டு நாளாகப் பேசவில்லை, அதாவது என்னோடு.

இனி உன்னிடம் ஒரு அலுவல். முப்பத்தைந்து வருசமாய் பாரிஸ் லாச்சப்பலில் இருந்து கறிவேப்பிலை வாங்குகிறாய், லூவர் நூதனசாலைக்கு ஒருநாள் போனதுண்டோ? ஹமுராபியின் சட்டம் வெட்டின அந்தக் கல் அங்கேதான் நிற்கிறது. ரிச்செலியு பக்கம். கறுப்புக் கல், உன்னைவிட உயரம், 2.25 மீற்றர். உச்சியில் சூரியதேவன் சமாசுக்கு முன்னால் ஹமுராபி நிற்பான். கிடைத்தது பபிலோனில் அல்ல, ஈலாம் நாட்டு அரசன் சூத்ருக்-நாகுந்தே கொள்ளையடித்துச் சூசாவுக்குக் கொண்டுபோனது. 1901-02 இல் பிரெஞ்சுக்காரர் தோண்டி எடுத்தார்கள். முன்பக்கம் கீழே பார், சில பத்திகள் உரஞ்சி அழித்திருக்கும். தன் பெயரை வெட்ட அழித்திருப்பான் போல, வெட்டவுமில்லை. வெறுமையாக இருக்கும். அந்தச் சட்டங்களில் சிலதை வேறு ஊர்களில் கிடைத்த களிமண் பிரதிகளிலிருந்துதான் திருப்பி எடுத்தார்கள். நீ எனக்கு எழுதிய கடிதங்கள் ஒன்றுகூட என்னிடம் இல்லை, அலுமாரியோடு எங்கே விட்டேன் என்று உனக்குத் தெரியும். என்னுடையவை உன் சூட்கேசுக்குள் இருக்கிறது என்றாயே, எறிந்துவிடாதே.

கல்லுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. கிட்டப் போய் எழுத்துத் தெரியக்கூடியதாய் இன்னொன்று. வாசிக்கத் தெரியாது என்று சாட்டுச் சொல்லாதே, எனக்கும் தெரியாது. எனக்கில்லை, அவள் கேட்கிறாள். தன்னுடைய அறுபது புசல் எந்த இடத்தில் எழுதியிருக்கு என்று பார்க்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை போகாதே, பூட்டு.

பிள்ளைகளுக்கு அன்பு. குளிருக்குள் வேலைக்குப் போகும்போது காதை மூடு.

உன்,
மாஸ்ரர்

பி.கு: மனுசி இப்பதான் வாய் திறந்தாள். 54 ஆம் சட்டத்தின்படி உங்களை விற்கக் கொண்டுபோயிருந்தால் ஆர் வாங்கியிருப்பினம் என்று கேட்கிறாள்.