கிணற்றடிப் பாத்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆடிப்பெருக்கு அன்று கிணற்றடியில் பரங்கி விதை போட்டேன், குழிக்கு 4. ஆறாம் நாள் முளைத்தது. கூடவே நான் போடாத முளைகளும் ஏழெட்டு. குப்பைக்குழி எருவை அள்ளிப் போட்டேன் அல்லவா, அதில் கிடந்த விதைகள்தான். தக்காளி உடனே தெரிந்துவிட்டது, தண்டில் பூனைமயிர், இலையைக் கசக்கினால் வாசனை. மூன்று மட்டும் பிடிபடவில்லை. பரங்கி, சுரை, பீர்க்கு எல்லாவற்றுக்கும் முதல் இரண்டு இலை ஒரே மாதிரி தடிப்பாக, மொழுமொழு என்று இருக்கும். அடுத்து வருகிற இலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அம்மா பிடுங்கி எறியச் சொல்கிறாள், பரங்கிக்குப் போட்ட உரத்தைத் தின்றுவிடுமாம். அதுவும் சரிதான். ஆனால் பிடுங்கினால் பக்கத்துப் பரங்கியின் வேரும் அசையும், பிறகு சுணங்கிவிடும். வேண்டாததைக் கத்தரியால் அடியோடு வெட்டிவிட வேண்டும். அதுவும் இன்னதென்று தெரிந்த பிறகுதான்.

உனக்குச் சம்பளம் ஏறியதாகச் சித்தப்பா சொன்னார். தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம். ராத்திரி கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ஐந்தாம் வகுப்பில் நீ கொட்டாங்கச்சியால் தண்ணீர் ஊற்றி ஒரு முளையை வளர்த்தாயே, அதை ஆடு கடித்துவிட்டது என்று சொன்னேன். ஆடு வரவே இல்லை பாப்பா. நான்தான் களை என்று பிடுங்கினேன். நீ அழுததைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் நீ குச்சியால் ஆட்டை அடித்தாய். அதையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இன்று காலை மூன்றில் ஒன்று இலை விட்டிருக்கிறது. வெல்வெட் மாதிரி மிருது, சுரைதான். பந்தலில் ஏற்றிவிடுகிறேன். தானாக முளைத்த சுரை சில சமயம் கசக்கும், கசந்தால் விஷம். காய் வந்ததும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பேன். தீபாவளிக்குள் காய்த்துவிடும்.

சாயங்காலம் 7 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். போனை நானே எடுக்கிறேன். பெயரைச் சொல்லு.

அப்பா