மாலையானால் படுத்துவிடும் பைபர் இணைப்பு: கடைசியாக ஒரு தடவை எழுதுகிறேன்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டு பைபர் இணைப்பு சம்பந்தமாக இதை எழுதுகிறேன். இணைப்பு இலக்கமும் முறைப்பாட்டு இலக்கங்களும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே இருக்கின்றன. இலக்கங்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம், நான் அழைக்கும் ஒவ்வொரு தடவையும் பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறக்கிறீர்கள். "உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது, நன்றி" என்று உங்கள் குறுஞ்செய்தி போனுக்கு வந்து சேருகிற அதே நேரம் என் மடிக்கணினியில் பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். யார் தீர்த்தது, எதைத் தீர்த்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரச்சினை இதுதான். காலையிலும் மத்தியானத்திலும் இணைப்பு நன்றாகவே வேலை செய்கிறது. மாலை ஆறரை, ஏழு மணி தாண்டினால் எந்த இணையத்தளமும் ஒழுங்காகத் திறப்பதில்லை. வங்கியின் பக்கம் பாதியில் நின்று, நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளுகிறது. பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுக்கப்போனால் தலைப்பு வரும், மிச்சம் வராது. ஸூம் வகுப்பில் என் குரல் ரோபோ மாதிரிக் கேட்கிறதாம். இரவு பதினொன்றுக்குப் பிறகு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இந்த நேரக்கணக்கைக் கேட்டவுடனேயே எங்கே பிழை என்று உங்கள் பொறியியலாளர் ஒருவருக்கு விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் இது உங்கள் பொருள், நீங்கள் விற்கிறது, நீங்கள்தான் பராமரிக்கிறது. நான் கணக்குப் படிப்பிக்கிற ஒரு ரீச்சர். எனக்கே விளங்கிவிட்டது.

உங்கள் ஹொட்லைனில் தமிழுக்கான இலக்கத்தை அமத்திவிட்டுக் காத்திருந்தால் பல தடவை சிங்களத்தில்தான் ஆள் வருகிறார். அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை, அவர்கள் பாவம், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். தமிழில் கதைத்த ஒரு தம்பிதான் என் பொறுமையை முடித்தவர். முதலில் ரவுட்டரை நிப்பாட்டிப் போடச் சொன்னார், போட்டேன். பிறகு உங்கட போன் பழசாக இருக்கும் என்றார். நான் போனில் பார்க்கவில்லை, மடிக்கணினியை லான் வயரில் கொழுவித்தான் பார்க்கிறேன், வைஃபையே நிப்பாட்டியிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: "அம்மா, வீட்டில ஆம்பிளையள் ஆரும் நிண்டா போனைக் குடுங்கோ, அவையளுக்குச் சொன்னா விளங்கும்." உங்கள் அழைப்புகள் எல்லாம் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகின்றன என்று தொடக்கத்தில் ஒரு குரல் சொல்லுமே, அந்தப் பதிவைத் தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்.

அதே தம்பிதான் 100 எம்.பி.பி.எஸ். என்றால் செக்கனுக்கு 100 எம்.பி. வரும் என்று எனக்கு விளக்கம் தந்தவர். தம்பி, அது மெகாபிட். கோப்பின் அளவை நாங்கள் பார்ப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே எட்டால் வகுக்க வேண்டும், 12.5 வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். உங்கள் விளம்பரப் பலகையில் 100 என்று ஆளுயரத்துக்குப் போட்டிருக்கிறது, பக்கத்தில் "வரை" என்ற சொல்லைத்தான் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். சரி, விளம்பரம் என்றால் அப்படித்தான், அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் விற்கிற ஆளுக்கே தான் என்ன விற்கிறேன் என்று தெரியாவிட்டால் வாங்குகிற நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

ஸ்பீட் டெஸ்ட் கதைக்கு வருகிறேன். உங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இருக்கிற ஒரே மருந்து அதுதான். "ஸ்பீட் டெஸ்ட் அடியுங்கோ, 90 காட்டுதா? அப்ப எங்கட பக்கம் பிரச்சினை இல்லை, அந்த வெப்சைட்தான் ஸ்லோ." அந்தச் சோதனை தனக்குக் கிட்ட உள்ள, பல வேளை உங்கள் வலையமைப்புக்குள்ளேயே உள்ள ஒரு சேர்வரைத்தான் தெரிவு செய்கிறது. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பெரிய தரவை ஒரேயடியாக இழுக்கிறது. இணையப் பக்கம் ஒன்று அப்படி வருவதில்லை. முதலில் அந்தத் தளத்தின் முகவரியைத் தேட வேண்டும், பிறகு சேர்வரோடு தொடர்பு எடுக்க வேண்டும், பூட்டுப் போட்ட தளமாக இருந்தால் சாவி மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் எழுத்து, படம் என்று துண்டு துண்டாக, வேறு வேறு சேர்வர்களிடமிருந்து வரும். ஒவ்வொரு படியிலும் கேள்வி போய்ப் பதில் வரும்வரை காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு நீண்டால் 100 எம்.பி.பி.எஸ்.ஐ வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. வீதி எவ்வளவு அகலமாக இருந்து என்ன, ரயில்வே கேற் மூடியிருந்தால் ஓட்டோவும் நிற்கும், லொறியும் நிற்கும்.

அந்தக் காத்திருப்பைத்தான் நான் அளந்தேன். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டு, ஒரேயொரு மடிக்கணினியை வயரில் கொழுவி, பிங் போட்டுப் பார்த்தேன், அதாவது ஒரு சிறு தரவுத் துண்டை (பக்கெற்றை) அனுப்பி, அது போய்த் திரும்பி வர எடுக்கிற நேரத்தை அளந்தேன். என் ரவுட்டருக்கு ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு, காலையிலும் அதுதான், இரவிலும் அதுதான். ரவுட்டருக்கு அடுத்தது உங்கள் வலையமைப்பின் முதல் படி, என் தரவு வீட்டை விட்டு வெளிக்கிட்டு முதலில் போய்ச் சேருகிற உங்கள் கருவி. அதற்குக் காலையில் 4, 5 மில்லிசெக்கன். இரவு எட்டு மணிக்கு 300, சில வேளை 400, அதோடு பத்துப் பக்கெற்றில் ஒன்று திரும்பி வருவதே இல்லை. படங்கள் இணைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் திகதியும் நேரமும் தெரிகிறது. அதே இரவு, அதே மேசையில், போனின் மொபைல் டேட்டாவில் அதே தளங்கள் உடனே திறக்கின்றன. இனியும் அந்த வெப்சைட்தான் ஸ்லோ என்று யாரும் எனக்குக் கதை விட வேண்டாம்.

உங்கள் ஆட்களில் ஒருவர் கடலடி கேபிள் பழுது என்றார். கடலடி வடங்கள் கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. என் பக்கெற் அங்கே போய்ச் சேரவில்லையே ஐயா, உங்கள் முதல் படியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. லண்டனில் உள்ள சேர்வர் என்றால் தாமதம் வரும், தெரியும். 8,000 கிலோமீற்றருக்கு மேல் தூரம், கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் போகும், ஆகவே போய்வர 80 மில்லிசெக்கனாவது வேண்டும். அது இயற்கை, அதற்கு உங்களைக் குறை சொல்ல நான் விசரி இல்லை. லண்டனுக்குப் போய்வருகிற நேரத்தைப் போல நாலு மடங்கு நேரம் உங்கள் வாசலைத் தாண்டவே எடுக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

இனி அந்த ரவுட்டர் பயணம். ஹொட்லைனில் ஒரு பிள்ளை, ரவுட்டரை யாழ்ப்பாணக் கிளைக்குக் கொண்டுபோனால் அங்கேயே சோதித்து மாற்றித் தருவார்கள் என்று வடிவாகச் சொன்னார். நம்பினேன். வயரைக் கழற்றி, அந்த மெல்லிய பைபர் நுனியில் தூசி படாமல் மூடி போட்டு, ரவுட்டரையும் அடப்டரையும் ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, பின்னேர வகுப்பை ஒத்திவைத்துவிட்டு, மழைக்குள் ஓட்டோ பிடித்து ரவுணுக்குப் போனேன். டோக்கன் எடுத்து இருந்தேன். எதிரே பெரிய தொலைக்காட்சியில் மின்னல் வேக இணையம் என்று உங்கள் விளம்பரமே திரும்பத் திரும்ப ஓடியது. என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர் பையைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்றார். ஹொட்லைனில் சொன்னார்கள் என்றேன். "அது ஹொட்லைன்காரர் சொன்னது, நாங்கள் சொல்லேல்லை. இங்க செக் பண்ண லைன் இல்லை." இணையம் விற்கிற கம்பனியின் கந்தோரில் ரவுட்டர் சோதிக்க ஒரு லைன் இல்லை! வீட்டுக்குத் திரும்பி வந்தபோது துணிப்பை நனைந்து, அடப்டரை ஃபேனுக்குக் கீழே காயவைக்க வேண்டியிருந்தது. போன ஓட்டோக் காசு, வந்த ஓட்டோக் காசு, ஒத்திவைத்த வகுப்பு. யார் தருவது?

உங்கள் டெக்னீஷியன் தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மனிதர் நேரத்துக்கு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கையோடு கொண்டுவந்த மீற்றரைக் கொழுவிப் பார்த்து ஒளியின் அளவு மைனஸ் 21, நல்ல சிக்னல் என்று எனக்கும் காட்டினார். தளங்களின் முகவரியைத் தேடித் தருகிற டி.என்.எஸ்.ஐயும் மாற்றிப் பார்த்தார், வித்தியாசம் இல்லை. பிறகு ஒழுங்கை முகப்பில் உள்ள தூணில் ஏறி, வீடுகளுக்கு பைபர் பிரிந்து போகிற பெட்டியைத் திறந்தார். இறங்கி வந்து, "அக்கா, உங்கட லைன் திறம். பெட்டி நிரம்பி வழியுது. பிரச்சினை மேல" என்றார். நான் அவரைத்தான் நம்புகிறேன். ஒரு பைபரை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுப்பது ஜிபொன் என்கிற இந்தப் பகிர்வு பைபர் முறையில் வழமை. எல்லா வீட்டுக்குமாகச் சேர்த்துக் கீழ்நோக்கி ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1.25 ஜிகாபிட். பிரிப்பது குற்றமில்லை, உலகம் முழுக்க அப்படித்தான். அந்த இழையில் எத்தனை வீடு தொங்குகிறது, அதற்கு மேலே உள்ள பாதை இரவில் எவ்வளவு நிரம்புகிறது என்று நீங்கள் பார்த்தீர்களா? எங்கள் ஒழுங்கையில் போன வருடம் கட்டிய வீடுகளுக்கும் இதே பக்கேஜை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த நாள் வந்த குறுஞ்செய்தியில் இருந்தது: "வாடிக்கையாளரின் வைஃபை பிரச்சினை. தீர்க்கப்பட்டது." தூணில் ஏறிய பிள்ளை சொன்னது ஒன்று, நீங்கள் எழுதியது ஒன்று.

வீட்டில ஆம்பிளையள் ஆரும் நிண்டா... இதை எழுதும்போது திரும்பவும் எரிச்சல் வருகிறது. அந்தத் தம்பியின் அப்பாவுக்கே நான் கணக்குப் படிப்பித்திருக்கக்கூடும்.

என் வகுப்புகள் பெரும்பாலும் லண்டன், டொரன்டோ பிள்ளைகளுக்கு. கோடைகாலத்தில் லண்டனில் பின்னேரம் நாலு மணி என்றால் எங்களுக்கு இரவு எட்டரை. டொரன்டோவில் சனிக்கிழமை காலை ஒன்பதரை என்றால் இங்கே இரவு ஏழு. உங்கள் இணைப்பு சரியாகப் படுக்கிற நேரம். தாய்மார் முதலில் பரவாயில்லை ரீச்சர் என்றார்கள், பிறகு வேறு ரீச்சரைப் பிடித்துவிட்டார்கள். வருடக்கணக்காகக் கட்டியெழுப்பிய பெயர் இரண்டு கண்டத்திலும் கெட்டுப்போய்விட்டது. நட்டம் இலட்சக்கணக்கில் என்று சொன்னால் உங்கள் கணக்காளர் சிரிப்பார், சிரிக்கட்டும், எனக்கு அப்படித்தான். மாதம் முடிந்தால் உங்கள் பில் மட்டும் ஒரு நாளும் ஸ்லோ ஆகாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆகவே தயவாகக் கேட்கிறேன். மாலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில் உங்கள் பக்கத்திலிருந்து எங்கள் இணைப்பையும் அதற்கு மேலே உள்ள பாதையையும் அளந்து, அந்த அளவை எழுத்தில் தாருங்கள். பெட்டி நிரம்பியிருந்தால் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள், ஏலாவிட்டால் ஏலாது என்று எழுதித் தாருங்கள், நான் இணைப்பை நிறுத்துகிறேன், ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று தண்டம் அறவிடாதீர்கள். பிரச்சினை தொடங்கிய மாதத்திலிருந்து கட்டிய வாடகையைப் பில்லில் கழியுங்கள். அந்தத் தம்பியிடமிருந்து ஒரு மன்னிப்பு. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் பிங் படங்கள், உங்கள் குறுஞ்செய்திகள் எல்லாவற்றோடும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுவேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் உங்களை ஒழுங்குபடுத்துகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய 1900 ஏற்கெனவே என் போனில் சேமித்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977. முகநூலில் ஒழுங்கைக்காரர் எல்லோரும் சேர்ந்து எழுதுவது வேறு, அதை நான் தடுக்க மாட்டேன். உங்களோடு பகைக்க எனக்கு ஆசை இல்லை, இந்தப் பகுதிக்கு முதலில் பைபர் இழுத்தபோது சந்தோஷப்பட்டு அயலுக்கெல்லாம் சொன்னவளும் நான்தான்.

என்னோடு கதைக்க வேண்டுமானால் பகல் பதினொரு மணிக்கு முன் அழையுங்கள், தமிழில் கதைக்கத் தெரிந்த, முதல் படிக்குப் பிங் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் அழையுங்கள். மாலையில் வேண்டாம். அந்த நேரம் போனின் ஹொட்ஸ்பொட்டில்தான் வகுப்பு எடுக்கிறேன், அழைப்பு வந்தால் அதுவும் அறுந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொக்குவில்