காயில்ஓவர் வாங்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்கில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: எந்த காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் வைத்து, உயரத்தை மாற்றும்படி வரும் சஸ்பென்ஷன் செட்) போடலாம்? பட்டறையில் நின்றபடி பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் இந்த மடல்.

வருடத்தில் சில நாள் டிராக், மற்ற நாளெல்லாம் கடலூர் ரோடும் ஈசிஆரும் ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளும் என்றால், அந்த மற்ற நாட்களுக்குத்தான் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய ஹேட்ச்பேக்குக்கு முன்பக்கம் மில்லிமீட்டருக்கு 4 முதல் 6 கிலோ, அதாவது ஒரு மி.மீ. அமுங்க அத்தனை கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங், போதும். 8, 10 கிலோ ஸ்பிரிங் எல்லாம் வழவழப்பான டிராக்குக்கும் நன்றாக ஒட்டும் டயருக்கும் உரியவை. நம் சாலையில் அவை டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது?

உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த செட்டுகளில் ஸ்பிரிங் தாங்கியைக் கீழே இறக்கித்தான் வண்டியைத் தாழ்த்த முடியும். அப்படி இறக்க இறக்க, ஷாக் மேலே போக மிச்சமிருக்கும் தூரம் குறையும். திருப்பத்தின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதும் அமுங்கும்போது தடுக்கும் கட்டையில்) இடித்தால் அந்தப் பக்கம் சட்டென்று விறைத்து, பிடிப்பு போய்விடும். ஷாக்கின் அடிப்பகுதி பிராக்கெட்டைத் திருகி உயரம் மாற்றும் வகையில் ஷாக்கின் ஓட்டம் குறையாது. விலை கூடத்தான், ஆனால் அதையே வாங்கச் சொல்கிறோம். அதிலும் சுமார் 20 மி.மீ. இறக்கினால் போதும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியை (சக்கரத்தை மேலே ஷாக்கும் கீழே ஒரு ஆர்மும் பிடித்திருக்கும் வகை) ரொம்பத் தாழ்த்தினால் கீழ் ஆர்மின் சாய்வு மாறி, ரோல் சென்டர், அதாவது திருப்பத்தில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியைவிட இன்னும் வேகமாகக் கீழே போகும். அப்புறம் அதே ஸ்பிரிங்கில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயும்.

ஸ்விஃப்ட், போலோ போன்றவற்றில் பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. பெட்டியைத் திறந்து பார்த்து 'பின்னாடி காயில்ஓவர் இல்லையே' என்று பதற வேண்டாம்.

ஷாக்கின் மேலே இருக்கும் குமிழ் ஒன்றே ஒன்று என்றால், பெரும்பாலும் அது ஷாக் திரும்ப விரியும் வேகத்தைத்தான் மாற்றும். கடைசிவரை இறுக்கினால், ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். நடுவில் தொடங்குங்கள். இரண்டு கிளிக் மாற்றி ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கடற்காற்றையும் கணக்கில் வையுங்கள். உப்பு ஏறினால் மரையில் காலர் (உயரம் மாற்றத் திருகும் வளையம்) இறுகிவிடும், அப்புறம் அசைக்கவே முடியாது. மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மரையை பிரஷ்ஷால் தேய்த்து, துருப்பிடிக்காத பூச்சு கொடுக்க வேண்டும். பட்டறைக்குக் கொண்டுவந்தால் நாங்களே செய்து தருகிறோம்.

மாட்டியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சஸ்பென்ஷன் மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

டயர் தேய்ந்து, பிரேக் ஆயில் பழையதாக இருந்தால், சரி, இந்த வருடம் காயில்ஓவர் வேண்டாம். அந்தப் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். வாங்க முடிவு செய்தவர்கள், வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியைக் கொண்டுவாருங்கள். நான்கு சக்கரத்திலும் உயரம் அளந்துவிட்டுப் பேசலாம்.

அன்புடன்,
பட்டறை நண்பர்கள்,
புதுச்சேரி