பொந்துள்ள மரத்துக்கு ஒரு கட்டம் வேண்டும்

வால்பாறை எஸ்டேட் நிர்வாகங்களுக்கும் ஆனைமலைப் புலிகள் காப்பக அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் இந்த ஊரில் பிறந்தவன். அம்மா இலை பறித்தவர். போன வருடம் ஒரு தேயிலைக் காட்டின் ஓரத்தில் கிழமரம் ஒன்றை வெட்டினார்கள். எந்த எஸ்டேட் என்பது இங்கே முக்கியமில்லை. மரம் உள்ளே உளுத்துப்போயிருந்தது, பக்கத்தில் நூறு நாற்று நட்டாயிற்று என்றார் மேஸ்திரி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நிரப்ப வேண்டிய தாளில் ‘உளுத்த மரம்’ என்று எழுத இடம் இருந்தது, அதன் பொந்தில் யார் குடியிருந்தார்கள் என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

குடியிருந்தது பெரிய இருவாச்சி. இந்தப் பறவைக்கு அவ்வளவு பெரிய அலகு இருந்தும் மரங்கொத்தி மாதிரி மரத்தைக் குடைய வராது. கிளை முறிந்த காயத்தில் பூஞ்சை புகுந்து, பல பத்தாண்டுகள் உளுத்து, தானாக உண்டான பொந்துதான் அதற்கு வீடு. ஜனவரி, பிப்ரவரியில் பெண் பறவை உள்ளே போய், எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். உள்ளேயே சிறகுகளை உதிர்த்துவிட்டு, ஆண் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுக்கும் அத்திப்பழங்களை நம்பி மாதக்கணக்கில் கிடக்கும். ஒத்துவந்த பொந்துக்கு வருடா வருடம் திரும்பி வரும். (கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும்.)

1990களிலேயே ஆனைமலையில் ஆய்வாளர்கள் இருவாச்சிக் கூடுகளைத் தேடி, மரத்தின் சுற்றளவு, பொந்தின் உயரம், வாசலின் அளவு என்று அளந்திருக்கிறார்கள். காட்டில் மரங்கள் ஏராளம், பறவைக்குத் தோதான பருத்த கிழமரங்கள் கொஞ்சம்தான். ஆக, அளக்க வேண்டியது எது என்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை.

ஆனாலும் நாம் பசுமையைத்தான் அளக்கிறோம். செயற்கைக்கோள் படத்தில் தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக்கும் பச்சை, இயற்கையான சோலைக்காடும் பச்சை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, வருடந்தோறும் கிளை கழிக்கப்பட்டு, மிளகுக்கொடி சுமந்து நிற்கும் சில்வர் ஓக்கில் இருவாச்சி எங்கே குடியேறும்? சோலைமந்திக்கும், அதாவது சிங்கவால் குரங்குக்கும், இதே கதைதான். மரத்துக்கு மரம் தாவ மேலே கிளைகளின் விதானம் தொடர்ச்சியாக வேண்டும், தின்ன வெடிப்பலாவும் அத்தியும் வேண்டும். தொடர்ச்சி அறுந்ததால்தான் புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே அதற்குத் தொங்குபாலம் கட்ட வேண்டி வந்தது.

நாற்று நடுவதை நான் குறை சொல்லவில்லை. இங்கே துண்டுச்சோலைகளை மீட்க இருபது வருடத்துக்கு மேலாக நட்டு வருகிறார்கள், நல்ல வேலை. ஆனால் இன்று நடும் நாற்றில் பொந்து விழுவதைப் பார்க்க நம் பேரப்பிள்ளைகள் கூட இருக்க மாட்டார்கள். அதுவரை நிற்கிற கிழமரம்தான் கதி.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எஸ்டேட்டும் தன் எல்லைக்குள் பருத்த கிழமரங்களையும், பொந்துள்ளவற்றையும், ஆல், அத்தி, இத்தியையும் கணக்கெடுத்து எண் போடட்டும். மரம் வெட்ட விண்ணப்பம் வரும்போது வனத்துறை அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும். சாலைப் பக்கம் சாய்ந்த மரம் ஆபத்துதான், மறுக்கவில்லை. அதற்கு முதலில் கிளையைக் கழித்துப் பாருங்கள், அடிமரம் நிற்கட்டும். தாய்லாந்தில் தரை இறங்கிப்போன பொந்துக்கு மண் நிரப்பியும், பட்டை மூடிய வாசலை அகலப்படுத்தியும் பழைய கூடுகளை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை இங்கேயும் செய்து பார்க்கலாம். எந்த மரத்தில் கூடு என்று இந்தக் காட்டின் பழங்குடிகளான காடர்களிடம் முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது அவர்களுக்குக் கூலியும் கொடுங்கள்.

கூடு கட்டும் காலத்துக்கு முன்னால், டிசம்பருக்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம். என்னிடம் அளவு நாடாவும் ஒரு பழைய பைனாகுலரும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையும் இல்லை. எந்த டிவிஷனில் தொடங்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வால்பாறைக்காரன் ஒருவன்