சோர்ஸில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

இந்த மடலை இருபது வருடங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். உங்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் இன்று சோறு தின்னும் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

1998-ல் நான் இணையதளம் செய்ய ஆரம்பித்தபோது கையில் இருந்தது நோட்பேடும், ஒரு பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரல் வரிகளை, அதாவது சோர்ஸை, திறந்து காட்டும் பிரவுசரின் 'வியூ சோர்ஸ்' வசதியும்தான். ஒரு பக்கம் பிடித்துவிட்டால் உடனே அதன் சோர்ஸைத் திறந்து பார்ப்பேன். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்க டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள், நடுவில் இடைவெளிக்காக ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படம். ஒரு வரியை மாற்றிச் சேமித்துப் பார்ப்பேன். ஒரு டேகை (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் குறியீட்டை) மூட மறந்தால் பக்கமே குலைந்துபோகும். அப்படிக் குலைந்த பிறகுதான் அந்த டேக் எதற்கு என்று விளங்கும்.

ஒருநாள், மவுஸ் பட்டதும் படம் மாறும் ஒரு மெனுவைப் பார்த்தேன். சோர்ஸைத் திறந்தால், படத்தை மாற்றும் நிரலான ஜாவாஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு குறிப்பு. "இந்த வரி படங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கிறது. இல்லாவிட்டால் மெதுவான மோடத்தில் மவுஸை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்" என்ற பொருளில் ஒன்று. கடைசியில், "எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள்". அந்தக் குறிப்புகளால் பிரவுசருக்கு ஒரு பயனும் இல்லை. தளத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணிலும் அவை படாது. என்னைப் போல ஒருவன் என்றைக்காவது சோர்ஸைத் திறப்பான் என்று நம்பி அவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் டேபிளை விட்டு, பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதும் சிஎஸ்எஸ்ஸுக்கு மாறிய காலம். ஃப்ளோட் செய்த (ஓரமாக ஒதுக்கிய) பெட்டியின் மார்ஜின், அதாவது அதைச் சுற்றியுள்ள இடைவெளி, அப்போது பெரும்பாலானோர் வைத்திருந்த பிரவுசரில் மட்டும் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மூன்று இரவுகள் போராடிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு, அவர் தளத்தின் அடியில் இருந்த முகவரியைப் பார்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: 'டிஸ்ப்ளே: இன்லைன்' (வரிக்குள் வரும் எழுத்தைப் போலக் காட்டு) என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஃப்ளோட் ஆன பெட்டி எப்படியும் பிளாக்காகத்தான் (தனிப் பெட்டியாகத்தான்) நடந்துகொள்ளும், அதனால் மற்ற பிரவுசர்களில் எதுவும் கெடாது என்று காரணமும் சொல்லியிருந்தார். தீர்வோடு நிறுத்தியிருக்கலாம். காரணத்தையும் சொன்னதற்காக, ஐயா, உங்களுக்குத் தனி நன்றி.

உலகறிந்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையை 1993 ஏப்ரல் 30 அன்று யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று அவர் வேலை பார்த்த ஆய்வு நிலையமான செர்ன் அறிவிக்காமல் இருந்திருந்தால், நான் இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. 2003-ல் 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தளத்தைத் தொடங்கிய டேவ் ஷே, பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் எச்டிஎம்எல்லைத் தொடாமல், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பான ஸ்டைல்ஷீட்டை மட்டும் மாற்றினால் ஒரே பக்கம் எத்தனை முகம் காட்டும் என்று நிரூபித்தார். அதைப் பார்த்த பிறகு நான் டேபிள் லேஅவுட் பக்கம் திரும்பவே இல்லை. 2009-ல், இலவசமாகப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டிஸ் மூடப்பட்டபோது முடிந்தவரை பக்கங்களை நகலெடுத்து வைத்த ஆர்கைவ் டீம் தன்னார்வலர்களையும் மறக்க முடியாது.

என் முதல் பக்கம் வேறொரு இலவசத் தளத்தில் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. போன மாதம், பழைய பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதைக் கண்டுபிடித்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் ஹிட் கவுன்ட்டர் இருந்த இடத்தில் உடைந்த படம். வந்தவர்கள் கருத்து எழுதும் கெஸ்ட்புக் திறக்கவில்லை. சரி, சோர்ஸாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த மெனு இருந்தது.

அதை எழுதியவர் இதைப் படிக்க நேர்ந்தால், ஒன்று சொல்ல வேண்டும். படங்களின் பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன். உங்கள் குறிப்புகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் சோர்ஸைப் படித்து வளர்ந்தவன்